கனமான பீருக்கு ஈஸ்ட்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் பீர் தயாரிப்பவர்கள் நான்கைந்து முறை சாதாரண பீர் நன்றாக வந்ததும் அடுத்து கை வைப்பது கனமான பீரில்தான். பார்லி ஒயின், இம்பீரியல் ஸ்டவுட், பெல்ஜியன் டிரிப்பல், டாப்பல்பாக் இப்படி ஏதாவது ஒன்று. என்னிடம் வரும் கேள்விகளில் பெரும்பாலானவை அங்கேதான் ஆரம்பிக்கின்றன, அதுவும் மால்ட் (முளைகட்டிக் காய வைத்த பார்லி) பற்றியோ ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூ) பற்றியோ அல்ல, ஈஸ்ட் பற்றி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

கணக்கெல்லாம் 20 லிட்டருக்கு, வெப்பநிலை செல்சியஸில். வீட்டில் பீர் தயாரிக்க எல்லா இடத்திலும் சட்டம் அனுமதிப்பதில்லை. உங்கள் இடத்தில் அனுமதி உண்டா என்று பார்த்துக்கொண்டு தொடங்குங்கள்.

எவ்வளவு இருந்தால் அது கனமான பீர்? எங்கிருந்து தனிக் கவனம் வேண்டும்?

ஈஸ்ட் போடுவதற்கு முன் ஹைட்ரோமீட்டரில் பார்க்கிற தொடக்க கிராவிட்டிதான் (தண்ணீரை 1.000 என்று வைத்து அளக்கிற அடர்த்தி; சர்க்கரை கூடினால் இதுவும் கூடும்) அளவுகோல். சாதாரண பீர் 1.045 முதல் 1.055 வரை இருக்கும், ஈஸ்டை எப்படிப் போட்டாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். 1.075 தாண்டினால் கவனம் வேண்டும். 1.090 தாண்டினால் கீழே சொல்லப்போகிற எல்லாமே வேண்டும், ஒன்றைக்கூட விட முடியாது.

மதுவின் அளவைக் கணக்கிட, தொடக்க கிராவிட்டியிலிருந்து இறுதி கிராவிட்டியைக் கழித்து 131.25 ஆல் பெருக்குங்கள். 1.090 இல் தொடங்கி 1.020 இல் முடிந்தால் 0.070 × 131.25, அதாவது சுமார் 9.2 சதவீதம். மிகக் கனமான பீருக்கு இந்தச் சூத்திரம் கொஞ்சம் குறைத்துக் காட்டும். வீட்டுக் கணக்குக்கு அது போதும்.

எப்போதும் போடுகிற அதே ஈஸ்ட்தான் போட்டேன். இது மட்டும் ஏன் பாதியில் நின்றுவிடுகிறது?

ஏனென்றால் இங்கே ஈஸ்டுக்கு இரண்டு பக்கமும் அடி. முதல் நாள் சர்க்கரை அடர்த்தி அதன் உடம்பிலிருந்து நீரை வெளியே இழுக்கிறது. கடைசி நாட்களில் அது தானே உண்டாக்கிய மது அதன் மேலுறையைக் கரைக்கப் பார்க்கிறது. இரண்டையும் தாங்க வேண்டியது செல்லைச் சுற்றியிருக்கிற மெல்லிய சவ்வு ஒன்றுதான். அந்தச் சவ்வு உறுதியாக இருக்க எர்கோஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருளும் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களும் வேண்டும். இவற்றைச் செய்ய ஈஸ்டுக்கு ஆக்சிஜன் தேவை.

இங்கேதான் முடிச்சு. வோர்ட்டில், அதாவது இன்னும் நொதிக்காத மால்ட் சாறில், இருக்கும் ஆக்சிஜனை ஈஸ்ட் சில மணி நேரத்தில் தீர்த்துவிடும். அதற்குப் பிறகு ஒவ்வொரு செல்லும் பிரியும்போது, சேர்த்து வைத்த எர்கோஸ்டெராலைத் தாயும் மகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்கின்றன. கொஞ்சம் ஈஸ்டைப் போட்டால் அது பலமுறை பிரிய வேண்டும். நான்காவது தலைமுறைக்கு வரும்போது சவ்வு நைந்துபோயிருக்கும். சரியாக அந்த நேரத்தில் மது 7 சதவீதத்தைத் தொடும். எட்டாம் நாள் நிற்கிற நொதித்தலுக்குக் காரணம் முதல் நாளில் இருக்கிறது. அன்றைக்குச் செய்ய வேண்டியதை எட்டாம் நாள் செய்ய முடியாது.

என் முதல் பார்லி ஒயின் 1.098 இல் தொடங்கியது. ஒரே ஒரு பாக்கெட் போட்டு, கலத்தை நாலு ஆட்டு ஆட்டிவிட்டு மூடினேன். 1.042 இல் நின்றது. ஏழு சதவீதத்துக்குச் சற்று மேல் மது, மேலே பாகு மாதிரி இனிப்பு. அரை கிளாஸுக்கு மேல் யாராலும் குடிக்க முடியவில்லை.

ஒரு பாக்கெட் 20 லிட்டருக்கு என்றுதானே போட்டிருக்கிறது? எத்தனை பாக்கெட் போட வேண்டும்?

பாக்கெட்டில் இருப்பது சாதாரண பீருக்கான கணக்கு. கனமான ஏல் வகைக்கு (அறைச் சூட்டை ஒட்டி நொதிக்கும் பீர்) பொதுவாகச் சொல்லப்படும் அளவு, ஒரு மில்லிலிட்டருக்கு, ஒரு டிகிரி பிளேட்டோவுக்கு (எடையில் எத்தனை சதவீதம் சர்க்கரை என்ற அளவு) 10 லட்சம் செல்கள். சாதாரண ஏலுக்கு 7.5 லட்சம், குளிரில் நொதிக்கும் லாகருக்கு 15 லட்சம். பிளேட்டோ தெரியவில்லை என்றால் கிராவிட்டிப் புள்ளிகளை 4 ஆல் வகுங்கள், கிட்டத்தட்ட வந்துவிடும். 1.090 என்றால் 90 ஐ 4 ஆல் வகுக்க 22.5. அப்படியானால் 20,000 மில்லிலிட்டர் × 22.5 × 10 லட்சம், மொத்தம் 45,000 கோடி செல்கள்.

நல்ல நிலையில் இருக்கும் உலர் ஈஸ்டில் கிராமுக்கு 1,000 முதல் 2,000 கோடி வரை உயிருள்ள செல்கள் இருக்கும். அதனால் நான் கடைப்பிடிக்கிற எளிய கணக்கு, லிட்டருக்கு ஒன்று முதல் ஒன்றரை கிராம். 20 லிட்டருக்கு 11 கிராம் பாக்கெட் இரண்டு அல்லது மூன்று. 1.100 தாண்டினால் மூன்றுக்குக் குறைய வேண்டாம். செலவைப் பார்த்துத் தயங்குபவர்களிடம் நான் சொல்வது: கனமான பீரில் ஆறேழு கிலோ மால்ட் போகிறது, ஒரு பாக்கெட் ஈஸ்டை மிச்சம் பிடித்து அத்தனையையும் பணயம் வைக்காதீர்கள்.

உலர் ஈஸ்டை நேராகத் தூவலாமா, தண்ணீரில் ஊற வைக்க வேண்டுமா?

சாதாரண பீருக்குத் தூவினாலே போதும், பல தயாரிப்பாளர்களே அப்படித்தான் சொல்கிறார்கள். கனமான வோர்ட்டுக்கு நான் ஊற வைப்பேன். உலர்ந்த செல் நீரை உறிஞ்சி விரிகிற முதல் சில நிமிடங்களில் அதன் சவ்வுக்கு எதை உள்ளே விடலாம், எதைத் தடுக்கலாம் என்ற கட்டுப்பாடு இருக்காது. அந்த நேரத்தில் 1.090 சர்க்கரைக் கரைசலில் விழுந்தால் ஒரு பகுதி செத்துவிடும்.

ஈஸ்டின் எடையைப் போல் பத்து மடங்கு தண்ணீர் எடுங்கள், 30 கிராமுக்கு 300 மில்லி. கொதிக்க வைத்து 35 முதல் 38 டிகிரிக்கு ஆற விடுங்கள். மேலே பரவலாகத் தூவி, 15 நிமிடம் தொடாமல் விட்டுவிட்டு, மெதுவாகக் கலக்குங்கள். வெறும் தண்ணீர்தான், சர்க்கரை சேர்க்கக் கூடாது. மணல் மாதிரி இருந்தது மோர் மாதிரி கூழாகி, ரொட்டிமாவு வாசனை வரும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வோர்ட்டை அதில் ஊற்றி வெப்பநிலை வித்தியாசத்தை 10 டிகிரிக்குள் கொண்டுவந்து கலத்தில் சேருங்கள். நுரைக்கவில்லையே என்று பயப்பட வேண்டாம், தண்ணீரில் அதற்குச் சாப்பிட ஒன்றும் இல்லை.

திரவ ஈஸ்ட் வாங்கியிருக்கிறேன். ஸ்டார்ட்டர் எவ்வளவு பெரிதாகச் செய்வது?

ஸ்டார்ட்டர் என்பது பீரில் போடுவதற்கு முன் ஈஸ்டைப் பெருக்க வைக்கிற சின்ன வோர்ட். ஒரு திரவ ஈஸ்ட் பையில் புதிதாக இருக்கும்போது சுமார் 10,000 கோடி செல்கள். பழையதாக ஆக அது குறைந்துகொண்டே போகும். மேலே போட்ட கணக்கில் நமக்கு வேண்டியது 45,000 கோடி. ஒரே ஒரு லிட்டர் ஸ்டார்ட்டரில் அங்கே போய்ச் சேர முடியாது. இரண்டு பைகளை எடுத்து இரண்டு லிட்டர் ஸ்டார்ட்டரில் வளர்க்கலாம். இல்லையென்றால் ஒரு பையை இரண்டு படியாக வளர்க்கலாம்: முதலில் இரண்டு லிட்டர், அது அடங்கியதும் குளிரவைத்து மேல்நீரை வடித்துவிட்டு, அடியில் படிந்த ஈஸ்டின் மேல் இன்னொரு இரண்டு லிட்டர்.

கலவை சுலபம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் உலர் மால்ட் எக்ஸ்ட்ராக்ட், 10 நிமிடக் கொதி, ஆறியதும் ஈஸ்ட். காந்தக் கலக்கி இருந்தால் நல்லது, இல்லையென்றால் பக்கத்தில் போகும்போதெல்லாம் ஒரு சுழற்று சுழற்றுங்கள். முழு ஸ்டார்ட்டரையும் பீரில் கொட்ட வேண்டாம். இரண்டு லிட்டர் சப்பென்ற திரவம் 20 லிட்டரில் சேர்ந்தால் ருசி மாறும்.

ஸ்டார்ட்டரையே கனமாகச் செய்து ஈஸ்டை முன்கூட்டியே பழக்கினால் என்ன?

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பலன் நேர்மாறு. அடர்த்தியான ஸ்டார்ட்டரில் ஈஸ்ட் சரியாகப் பெருகாது, அங்கேயே அடிபட்டுத்தான் வரும். நமக்கு வேண்டியது நன்றாகத் தின்று, எர்கோஸ்டெரால் சேர்த்து வைத்த ஈஸ்ட். அது 1.035 முதல் 1.040 வரை உள்ள ஸ்டார்ட்டரில்தான் கிடைக்கும்.

இத்தனை வேலை வேண்டாம், சுலபமான வழி ஒன்று சொல்லுங்கள்.

முதலில் ஒரு சின்ன பீர் செய்யுங்கள். எல்லோருக்கும் நான் மனமார சிபாரிசு செய்கிற வழி இதுதான். 1.040 முதல் 1.045 வரை, ஹாப்ஸ் குறைவாக, நிறம் இளசாக ஒரு ஏல். இரண்டு வாரத்தில் அதைப் பாட்டிலில் அடைக்கிற அன்றே கனமான பீரையும் தயாரித்துவிடுங்கள். கலத்தின் அடியில் கெட்டியாக, வெண்ணெய் நிறத்தில் படிந்திருக்கும் வண்டல்தான் உங்கள் ஸ்டார்ட்டர். கெட்டி வண்டலில் மில்லிக்கு 100 முதல் 200 கோடி செல்கள் இருக்கும் என்பதால் 300 முதல் 400 மில்லி எடுத்தால் போதும்.

முழு வண்டலின் மேலேயே புது வோர்ட்டை ஊற்றிவிடலாமா என்று கேட்பார்கள். செய்யலாம், நொதிக்கும், ஆனால் ஈஸ்ட் மிக அதிகமாகிவிடும்; பழைய ஹாப்ஸ் தூசியும் செத்த செல்களும் கூடவே வரும். கிருமி நீக்கிய கரண்டியால் அளந்து எடுப்பது சுத்தம்.

வோர்ட்டுக்குக் காற்று கொடுப்பது எப்படி? ஆக்சிஜன் பட்டால் பீர் கெட்டுவிடும் என்றும் சொல்கிறார்களே?

இரண்டும் உண்மை, நேரம்தான் வேறு. நொதித்த பீருக்கு ஆக்சிஜன் விரோதி, ஈரமான அட்டைப்பெட்டி ருசியைக் கொண்டுவரும். ஈஸ்ட் போடுகிற நேரத்து வோர்ட்டுக்கு அதுதான் ஆதாரம். ஏன் என்பதை இரண்டாவது பதிலில் சொல்லியிருக்கிறேன்.

கலத்தை ஆட்டுவது, உயரத்திலிருந்து ஊற்றுவது, மீன்தொட்டிப் பம்ப் வைப்பது, எல்லாமே காற்றைத்தான் கொடுக்கின்றன. காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்சிஜன் என்பதால் எவ்வளவு ஆட்டினாலும் 8 பிபிஎம் (பத்து லட்சத்தில் 8 பங்கு) அளவில் நின்றுவிடும். கனமான வோர்ட்டில் அதுவும் கரையாது, அடர்த்தி கூடக் கூடக் கரைவது குறையும். தேவை அதிகம், கிடைப்பது குறைவு. அதனால் 1.090 தாண்டினால் ஆக்சிஜன் சிலிண்டரும் நுண்துளைக் கல்லும் வாங்குவது வீண்செலவு அல்ல. நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வேகத்தில் ஒன்று முதல் இரண்டு நிமிடம் விட்டால் போதும். பக்கத்தில் நெருப்பு இருக்கக் கூடாது.

அதோடு, ஈஸ்ட் போட்டு 12 முதல் 18 மணி நேரத்துக்குள் இன்னொரு முறை அரை நிமிடம், ஒரு நிமிடம் கொடுங்கள். முதல் சுற்றுப் பிரிவு முடிந்து புதிய செல்கள் சவ்வைக் கட்டிக்கொள்ளும் நேரம் அது. உள்ளே போகிற ஆக்சிஜனை ஈஸ்ட் உடனே எடுத்துக்கொள்ளும், பீருக்கு மிச்சம் இருக்காது. ஒரு நாள் கழிந்துவிட்டால் வேண்டாம். உலர் ஈஸ்ட், தயாரிக்கும் இடத்திலேயே எர்கோஸ்டெராலைச் சேர்த்துக்கொண்டு வருகிறது. அதனால் சாதாரண பீரில் காற்று கொடுக்காவிட்டாலும் ஓடும். கனமானதில் அதற்கும் கொடுக்கிறேன்.

ஆக்சிஜன் இருந்தால் ஈஸ்ட் மதுவை உண்டாக்காமல் பெருகிக்கொண்டே இருக்காதா?

பீர் வோர்ட்டில் அப்படி நடக்காது. சர்க்கரை ஏராளமாக இருக்கும்போது ஆக்சிஜன் இருந்தாலும் பீர் ஈஸ்ட் நொதித்தலைத்தான் தேர்ந்தெடுக்கும். இதைக் கிராப்ட்ரீ விளைவு என்பார்கள். நாம் கொடுக்கிற ஆக்சிஜன் சவ்வு கட்டுவதற்கே போகிறது.

ஈஸ்ட் சத்து என்று விற்கிறார்களே, அது அவசியமா?

முழுக்க மால்ட்டில் செய்த வோர்ட்டில் நைட்ரஜன் போதுமான அளவு இருக்கும். குறைவது பெரும்பாலும் துத்தநாகம்தான். கொதியின் கடைசி 10 நிமிடத்தில் துத்தநாகம் கலந்த ஈஸ்ட் சத்தை, பாக்கெட்டில் சொன்ன அளவு போட்டால் முடிந்தது. சர்க்கரை, தேன், வெல்லப்பாகு இவற்றால் கிராவிட்டியை ஏற்றியிருந்தால் விஷயம் வேறு. அவற்றில் நைட்ரஜன் கிட்டத்தட்ட இல்லை. அப்போது பாதிச் சத்தைத் தொடக்கத்திலும் மீதியை இரண்டு நாள் கழித்தும் பிரித்துப் போடுங்கள். மது 9 சதவீதத்தை நெருங்கிய பிறகு டை-அமோனியம் பாஸ்பேட் போட்டுப் பயனில்லை, ஈஸ்டால் அதை உள்ளே இழுக்க முடியாது.

கையில் ஒன்றும் இல்லையா? பழைய ரொட்டி ஈஸ்ட் ஒரு பாக்கெட்டைக் கொதிக்கிற வோர்ட்டிலேயே போட்டுவிடுங்கள். அது செத்து, உயிருள்ள ஈஸ்டுக்கு உணவாகிவிடும்.

எந்த வெப்பநிலையில் வைப்பது? பாக்கெட்டில் 15 முதல் 22 என்று போட்டிருக்கிறது, 22 இல் வைத்தேன்.

அறை 22 இல் இருந்தால் கலத்தின் உள்ளே 27 கூட ஆகியிருக்கும். நொதித்தல் தானே சூட்டை உண்டாக்குகிறது, சர்க்கரை அதிகமானால் சூடும் அதிகம். அறையில் தொங்குகிற வெப்பமானியைப் பார்க்காதீர்கள். கலத்தின் பக்கவாட்டில் வெப்பமானியை ஒட்டி, மேலே ஒரு மடித்த துணியைக் கட்டிப் பாருங்கள்.

சாதாரண ஏல் ஈஸ்ட் என்றால் 17 இல் போட்டு, முதல் மூன்று நாள் 18, 19 தாண்டாமல் பிடித்து வையுங்கள். செல்கள் பெருகுகிற இந்த நாட்களில்தான் தொண்டையை எரிக்கும் ஃப்யூசல் ஆல்கஹால்கள் உருவாகின்றன. நுரை இறங்கத் தொடங்கியதும் நேர்மாறு: நாளுக்கு ஒரு டிகிரி ஏற்றி 21, 22 வரை கொண்டுபோங்கள். களைத்த ஈஸ்டுக்குக் கடைசித் தூரம் நடக்க அந்தச் சூடு தேவை. இந்த நேரத்தில் குளிரவிட்டால் ஈஸ்ட் சுருண்டு அடியில் படுத்துவிடும், திரும்ப எழுப்புவது பெரும்பாடு. குளிர்பெட்டி இல்லாதவர்கள் கலத்தைப் பெரிய தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி, உறைந்த தண்ணீர் பாட்டில்களை மாற்றி மாற்றிப் போடலாம். மூன்று நாள் வேலைதான், பொறுமையாகச் செய்யுங்கள்.

நுரை, வாயுவை மட்டும் வெளியே விடும் ஏர்லாக்கைத் தள்ளிக்கொண்டு வந்து சுவரெல்லாம் அடித்துவிட்டது. எதையாவது தப்பாகச் செய்துவிட்டேனா?

இல்லை, ஈஸ்ட் நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம். 20 லிட்டருக்கு 30 லிட்டர் கலம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஐந்து நாள் ஏர்லாக்குக்குப் பதிலாக விரல் தடிமன் குழாயைச் செருகி, மறுமுனையைக் கிருமிநாசினி கரைத்த வாளியில் மூழ்க விடுங்கள். ஹாப்ஸ் துணுக்கு ஏர்லாக்கை அடைத்துக்கொண்டால் மூடி வெடித்துப் பறக்கும், அதுதான் உண்மையான ஆபத்து. மூடிய சிறிய அறையில் கரியமில வாயு சேரும் என்பதால் ஜன்னல் திறந்திருக்கட்டும்.

சர்க்கரையை எப்போது போடுவது? கொதிக்கும்போதே போட்டுவிட்டால் என்ன?

போடலாம், ஆனால் கனமான பீரில் தாமதமாகப் போடுவது நல்லது. சாதாரண சர்க்கரையை ஈஸ்ட் வெளியிலேயே குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்று உடைத்துத் தின்னும். சுலபமான தீனி நிறைய இருந்தால் மால்ட்டின் முக்கியச் சர்க்கரையான மால்ட்டோஸைத் தின்னும் பழக்கம் தள்ளிப்போகும். முதலில் மால்ட்டைத் தின்னவிட்டு, நுரை இறங்குகிற மூன்றாம் நான்காம் நாளில் சர்க்கரைப் பாகைக் கொடுத்தால் இரண்டும் முடியும். தொடக்கத்து அடர்த்தியும் குறைவாக இருக்கும்.

ஒரு கிலோ சர்க்கரை 20 லிட்டரில் சுமார் 19 புள்ளி ஏற்றும். குறைந்த தண்ணீரில் கொதிக்க வைத்து, ஆற வைத்து, மெதுவாக ஊற்றுங்கள். வேகமாகக் கொட்டினால் கரைந்திருக்கும் வாயு கிளம்பி நுரை பொங்கும்.

பாக்கெட்டில் 11 சதவீதம் தாங்கும் என்று எழுதியிருந்தால் 11 இல் நின்றுவிடுமா?

அது சுவர் அல்ல. நன்றாகப் பராமரித்தால் தாண்டும், பராமரிக்காவிட்டால் 7 இலேயே நிற்கும். ஆனாலும் உங்கள் இலக்குக்கு இரண்டு சதவீதமாவது மேலே எழுதியிருக்கும் வகையை எடுங்கள். சஃபேல் யூஎஸ்-05 பத்து சதவீதம் வரை நிம்மதியாகப் போகும். லால்மாண்ட் நாட்டிங்ஹாமுக்கு 14 சதவீதம் என்று சொல்கிறார்கள், கனமான பீரை முதன்முதலாகச் செய்பவர்களுக்கு நான் கைகாட்டுவது அதைத்தான். ரொட்டி ஈஸ்ட் ஆகுமா என்றும் கேட்கிறார்கள். இனம் ஒன்றுதான், சாக்கரோமைசெஸ் செரிவிசியே. ஆனால் அது ரொட்டியை உப்ப வைக்கத் தேர்ந்தெடுத்த வகை. சரியாக அடியில் படியாது, கிராம்பு மாதிரி வாசனை விடும். சத்தாக மட்டும் பயன்படுத்துங்கள்.

ஏர்லாக்கில் குமிழி நின்றுவிட்டது. முடிந்துவிட்டதா, நின்றுவிட்டதா?

குமிழியை வைத்து எதையும் சொல்ல முடியாது. மூடி சரியாகப் பொருந்தாவிட்டாலும் குமிழி வராது, வெயில் ஏறினால் முடிந்த பீரிலும் வரும். ஹைட்ரோமீட்டரில் மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். இறங்கியிருந்தால் இன்னும் ஓடுகிறது. ஒளி வளைவதை வைத்துச் சர்க்கரையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை நம்பாதீர்கள், மது கலந்ததும் அது கூடுதலாகக் காட்டும். திருத்தக் கணக்கு இல்லாமல் பார்த்துவிட்டு நின்றுபோனதாகப் பதறியவர்கள் பலர்.

இரண்டு அளவும் 1.034 தான். இப்போது என்ன செய்வது?

முதலில், அது நின்றுவிட்டதா, அல்லது இனித் தின்ன ஒன்றும் இல்லையா என்று தெரிய வேண்டும். மாஷ் (மால்ட்டைச் சூடான நீரில் ஊற வைத்து மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குவது) 69, 70 டிகிரியில் நடந்திருந்தால் ஈஸ்டால் தின்ன முடியாத டெக்ஸ்ட்ரின் நிறைய இருக்கும். எந்த ஈஸ்டைப் போட்டாலும் இறங்காது. கனமான பீருக்கு 64, 65 டிகிரியில் 90 நிமிடம் மாஷ் செய்வது அதனால்தான். சோதிக்க ஒரு வழி உண்டு. ஒரு 200 மில்லி பீரைக் கிருமி நீக்கிய பாட்டிலில் எடுத்து, நிறையப் புதிய ஈஸ்டைப் போட்டு, பஞ்சால் வாயை லேசாக அடைத்து, 25 டிகிரியில் வைத்து அடிக்கடி ஆட்டுங்கள். நான்கைந்து நாளில் அது எங்கே நிற்கிறதோ, உங்கள் பீரும் போகக்கூடிய எல்லை அதுதான். இதைவிடச் சிறந்தது, ஈஸ்ட் போடுகிற அன்றே வோர்ட்டில் 200 மில்லியைத் தனியே எடுத்து இதே சோதனையைச் செய்துவிடுவது. பெரிய கலம் முடிவதற்கு ஒரு வாரம் முன்பே இறுதி கிராவிட்டி தெரிந்துவிடும். இப்போதெல்லாம் இதைச் செய்யாமல் நான் கனமான பீரைத் தொடங்குவதில்லை.

பாட்டிலில் 1.022 காட்டுகிறது, கலத்தில் 1.034 என்றால் நிஜமாகவே நின்றிருக்கிறது. கலத்தை 22 டிகிரிக்கு ஏற்றி, படிந்த ஈஸ்ட் எழும்படி மெதுவாகச் சுழற்றுங்கள். காற்று புகக் கூடாது. மூன்று நாள் பாருங்கள், பாதிப் பேருக்கு இதுவே போதும்.

அசையவில்லை என்றால் புதிய ஈஸ்ட். ஆனால் உலர் ஈஸ்டைத் தூவினால் 8 சதவீத மதுவில் விழுந்ததும் பெரும்பகுதி செத்துவிடும், அதனால்தான் எல்லோரும் ஒன்றும் நடக்கவில்லை என்கிறார்கள். ஒரு லிட்டர் ஸ்டார்ட்டர் செய்து, அது நுரை தள்ளிக்கொண்டு உச்சத்தில் இருக்கும்போது உங்கள் பீரில் அரை லிட்டரை அதில் ஊற்றுங்கள். திரும்ப நுரைக்கும்வரை காத்திருந்து, அப்படியே, அடங்குவதற்குள், கலத்தில் கொட்டுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஈஸ்ட் ஓடிக்கொண்டே உள்ளே போக வேண்டும். வடித்து ஊற்றுவது இங்கே கூடாது.

ஷாம்பெய்ன் ஈஸ்ட் 18 சதவீதம் தாங்குமாமே, அதைப் போட்டால் வேலை முடிந்ததல்லவா?

மது தாங்கும், சர்க்கரையைத் தின்னாது. திராட்சைச் சாறில் இருப்பது குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும். நின்றுபோன பீரில் மிச்சம் இருப்பது பெரும்பாலும் மால்ட்டோட்ரையோஸ் என்ற மால்ட் சர்க்கரை. ஒயின் ஈஸ்ட்களில் பெரும்பாலானவற்றால் அதை உள்ளே இழுக்க முடியாது. தவிர இசி-1118 என்ற ஷாம்பெய்ன் ஈஸ்ட் மாதிரி வகைகள் ஏல் ஈஸ்டைக் கொல்லும் நச்சுப் புரதத்தை வெளியிடும். மிச்சம் உயிரோடு இருந்ததும் போய்விடும்.

டெக்ஸ்ட்ரினையும் தின்கிற டயஸ்டாட்டிகஸ் வகை சைசன் ஈஸ்டைப் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: இறக்கும், ஆனால் எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. உங்கள் குழாய்களில் தங்கிவிட்டால் அடுத்தடுத்த பீர் பாட்டில்கள் வெடிக்கும். நான் போட மாட்டேன்.

கிராவிட்டி சரியாக இறங்கிவிட்டது. ஆனால் குடித்தால் தொண்டை எரிகிறது. வைத்திருந்தால் சரியாகுமா?

என்ன வாசனை என்பதைப் பொறுத்தது. பச்சை ஆப்பிள் வாசனை அசெட்டால்டிஹைடு. ஈஸ்டின் மேலேயே இரண்டு வாரம் 20 டிகிரியில் விட்டால் ஈஸ்டே சுத்தம் செய்துவிடும். வெண்ணெய் வாசனைக்கும் அதே மருந்து. மதுவின் வெறும் காரம் ஆறு மாதத்தில் மால்ட்டோடு கலந்து தணியும். பெயின்ட் கரைப்பான் மாதிரி மூக்கில் ஏறினால், அது முதல் மூன்று நாள் சூட்டில் உருவான ஃப்யூசல். அது போகாது. இரண்டு வருடம் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

ஈஸ்டின் மேல் எவ்வளவு நாள் விடலாம்? அந்த ஈஸ்டைத் திரும்பப் பயன்படுத்தலாமா?

நான்கு முதல் ஆறு வாரம் பயமில்லாமல் விடலாம். மாதக்கணக்கில் முதிர வைப்பதானால் வேறு கலத்துக்கு, காற்று படாமல், மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் செத்த செல்கள் கரைந்து எலும்பு சூப் மாதிரி ஒரு வாடை வரும். இந்த ஈஸ்டைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். அது எந்த நிலையில் இருக்கும் என்பதை இரண்டாவது பதிலில் பார்த்தோம். சின்ன பீரிலிருந்து பெரிய பீருக்கு எடுப்பதுதான் முறை, தலைகீழாக அல்ல.

பாட்டிலில் அடைத்து இரண்டு மாதம் ஆகிறது, வாயுவே பிடிக்கவில்லை.

10 சதவீதத்துக்கு மேல், அதுவும் சில மாதம் முதிர்ந்த பீரில், பாட்டிலுக்குள் போகிற ஈஸ்டில் வேலை செய்யத் தெம்பு இருக்காது. அடைக்கும்போதே புதிய ஈஸ்ட் சேருங்கள். 20 லிட்டருக்கு 2 கிராம் சிபிசி-1 (பாட்டிலில் வாயு பிடிக்க வைப்பதற்கென்றே விற்கும் உலர் ஈஸ்ட்) அல்லது ஷாம்பெய்ன் ஈஸ்ட், முன்பு சொன்னபடி ஊற வைத்து. ஷாம்பெய்ன் ஈஸ்ட் இங்கே பொருத்தம், ஏனென்றால் நாம் போடுகிற சாதாரண சர்க்கரையை மட்டும் தின்றுவிட்டு நிற்கும். லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை, 20 டிகிரிக்கு மேல் ஒரு மாதம்.

ஏற்கெனவே அடைத்துவிட்ட பாட்டில்களை முதலில் சூடான அறைக்கு மாற்றித் தலைகீழாக ஒருமுறை புரட்டி மூன்று வாரம் பாருங்கள். பிறகும் இல்லை என்றால் ஒவ்வொன்றையும் திறந்து, ஊறிய ஈஸ்டில் இரண்டு மூன்று துளி விட்டு மூடலாம். ஒன்று மட்டும் கவனம்: மேலே சொன்ன 200 மில்லி சோதனை காட்டிய எல்லையைப் பீர் தொடாமல் இருந்தால் புதிய ஈஸ்டோடு அடைக்கவே கூடாது. மிச்சச் சர்க்கரை முழுவதும் பாட்டிலுக்குள் வாயுவாக மாறும், கண்ணாடி சிதறும்.

15 சதவீதத்தைத் தாண்டிப் போக முடியுமா?

முடியும். சாமுவேல் ஆடம்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் யூட்டோபியாஸ் பீர் 28 சதவீதத்தையே எட்டியிருக்கிறது, காய்ச்சி வடிக்காமல். வீட்டில் 15, 16 எட்டக்கூடியதே. வழி, எல்லாச் சர்க்கரையையும் முதல் நாளே கொடுக்காமல் ஊட்டி ஊட்டி வளர்ப்பது. 1.080, 1.085 அளவில் ஒரு வோர்ட்டைச் சொன்னபடி எல்லாம் செய்து தொடங்குங்கள். 1.030 க்கு வந்ததும் கெட்டியான மால்ட் எக்ஸ்ட்ராக்ட் கரைசலோ சர்க்கரைப் பாகோ ஊற்றி 10 புள்ளி ஏற்றுங்கள். அது இறங்கியதும் அடுத்த 10. ஒவ்வொரு நாளும் ஹைட்ரோமீட்டர், ஒவ்வொரு ஊட்டலுக்கும் முன் மெதுவாகச் சுழற்றி வாயுவை வெளியேற்றுவது, சத்தை முதல் இரண்டு ஊட்டலோடு முடித்துவிடுவது.

10 புள்ளி இறங்க முதலில் ஒரு நாள் ஆகும், அப்புறம் இரண்டு, பிறகு நான்கு. ஒரு வாரம் ஆகியும் 5 புள்ளிகூட இறங்கவில்லை என்றால் ஈஸ்ட் போதும் என்கிறது. அடுத்த ஊட்டலை அங்கேயே நிறுத்திவிடுங்கள், இன்னொரு முறை ஊற்றினால் அந்தச் சர்க்கரை முழுவதும் இனிப்பாகவே பீரில் தங்கிவிடும்.